ஒரிஜினல் சான்றிதழை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்

போன வருடம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதியம், நான் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. "அக்கா, பாப்பா கணக்குல 86 எடுத்திருக்கு, வாழ்த்துகள்" என்று ஆரம்பித்தார் அந்த ஆள். அந்த மார்க்கை என் வீட்டுக்காரருக்கே நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் ஆளாக வாழ்த்து சொல்கிறாரே என்று மனசு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பொறியியல் சேர்க்கை விஷயமாக மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய 'வழிகாட்டி மைய'த்துக்குப் போனோம். கணக்கு 86, இயற்பியல் 78-இல் பாதி 39, வேதியியல் 81-இல் பாதி 40.5, ஆக 200-க்கு 165.5 என்று ஒரு துண்டுச்சீட்டில் கட்-ஆஃப் போட்டுக் காட்டினார். அப்புறம் உதட்டைப் பிதுக்கினார். "165-க்கு கவுன்சலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதுக்கா. இப்பவே மேனேஜ்மென்ட்ல ஒரு சீட் பிளாக் பண்ணிடுங்க. நாளைக்கு வந்தா இருக்காது." எங்கள் வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை, முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா என்று கேட்டேன். "அது எல்லா சீட்டுக்கும் உண்டு, நானே வாங்கித் தர்றேன்" என்றார். அவர் போனுக்கு 10,000 ரூபாய் ஜிபே பண்ணினேன்.

பள்ளியில் டி.சி. வாங்கிய மறுநாளே கார் வைத்துக் கல்லூரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே 40,000 கட்டினோம். டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ப்ளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் நான்கையும் மகள் ஒரு நீல நிற ஃபைலில் வைத்திருந்தாள். வெரிஃபிகேஷன் முடிந்ததும் தருகிறோம் என்று ஃபைலோடு வாங்கி மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் போட்டார் அங்கிருந்த பெண். அந்தப் பெட்டியில் அதே மாதிரி முப்பது நாற்பது ஃபைல்கள் கிடந்தன.

விஷயம் தெரிந்தது மகளின் கணக்கு டீச்சரால்தான். சேர்ந்துவிட்டோம் என்று சொல்லப் போனால், டீச்சர் முகம் மாறிவிட்டது. அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வின் (அதுதான் கவுன்சலிங்) இணையதளத்தில் முந்தைய ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவும் எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்ற பட்டியல் இருக்கிறது. அதை அவர் போனில் எடுத்துக் காட்டினார். நாங்கள் பணம் கட்டிய அதே கல்லூரி, அதே கம்ப்யூட்டர் சயின்ஸ், எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாகப் போனது 128. என் மகளுடையது 165.5. கலந்தாய்வில் தானாகக் கிடைத்திருக்கும் சீட்டைத்தான் பணம் கொடுத்துப் 'பிளாக்' பண்ணியிருக்கிறோம்.

டீச்சர் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன். எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கமே ஓடுவதால் சீட் பஞ்சம் என்று புரோக்கர்கள் பயம் காட்டுகிறார்கள். ஆனால் நன்றாக நடக்கும் கல்லூரிகள் இத்தனை இடங்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்றிருந்த உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-இல் எடுத்துவிட்டது. அதன் பிறகு மெக்கானிக்கல், சிவிலில் கூட்டம் இல்லாத கல்லூரிகளும் கம்ப்யூட்டருக்குப் புதிது புதிதாக இடங்கள் கேட்டு வாங்குகின்றன. சில பெரிய கல்லூரிகளைத் தவிர மற்ற இடங்களில் பஞ்சம் என்பது புரோக்கர் வாயில்தான் இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகையும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. நாலு வருடக் கட்டணச் சலுகையை ஒரே கையெழுத்தில் விடப் பார்த்திருக்கிறேன்.

2021-22 மத்திய அரசுக் கணக்குப்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுவதும் 28.4 சதவீதம். அதில் எத்தனை பிள்ளைகள் எங்களைப் போல வீட்டில் கேட்க ஆளில்லாமல் முதல் முறையாகப் படியேறுகிறவர்கள்! அவர்களைத் தேடித்தான் இந்த போன்கள் வருகின்றன.

கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய நான்கு நாள்தான் மிச்சம். மகள் எல்லாச் சான்றிதழையும் முன்பே போனில் ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் பிழைத்தோம். உதவி மையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். அங்கே பார்த்த ஒரு அப்பாவின் நிலைமை இன்னும் மோசம். பதிவில் புரோக்கர் தன் செல் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ஓடிபி அவருக்குப் போகிறது, விருப்பப் பட்டியலை அவரே நிரப்புகிறார். பையன் எந்தக் கல்லூரி கேட்டான் என்பதே அதில் இல்லை. தயவுசெய்து உங்கள் நம்பரையே கொடுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

மகள் உட்கார்ந்து அறுபதுக்கும் மேல் கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், முந்தையதைவிட நல்ல கல்லூரியில், அவள் கேட்ட பிரிவே கிடைத்தது. சேர டி.சி. வேண்டுமே. பழைய கல்லூரியில் போய்க் கேட்டால், முதல் வருடக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். புரோக்கரின் போன் அன்றிலிருந்து சுவிட்ச் ஆஃப்.

வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம், கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஒரு நகல் போட்டோம். பன்னிரண்டாம் நாள் கல்லூரியிலிருந்து கூப்பிட்டு ஃபைலைக் கொடுத்தார்கள். மகள் அங்கேயே நின்று ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தாள்.

பணத்தில் வந்தது 14,000 மட்டும். ரசீதை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை. கல்விக் கட்டணம் 15,000 என்று ஒரு வரி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வளர்ச்சி நிதி 25,000 என்று இன்னொரு வரி. அது நீங்களாக மனமுவந்து கொடுத்தது, திரும்பாது என்கிறார்கள். சேர்க்கைக்காக இப்படி வாங்குவதைத் தடுக்கத்தான் 1992-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். அந்த ரசீதின் நகலை வைத்து இயக்ககத்துக்கு இன்னொரு மனு கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை, அடுத்த வாரம் நேரில் போகிறேன்.