340 டாலர் போச்சு: பழைய பத்திரிகைப் புகைப்படம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலைதான் உறுதியாகத் தெரிந்தது. ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஓர் ஆன்லைன் ஏலத் தளத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் பழைய பத்திரிகைப் படம் ஒன்றை வாங்கினேன். 340 டாலர். 1954 ஜனவரியில் உகாண்டாவில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு விமான விபத்தில் சிக்கினாரே, ஆள் போய்விட்டார் என்று பத்திரிகைகள் இரங்கல் செய்தியே போட்டுவிட்டனவே, அதிலிருந்து உயிரோடு மீண்டு வந்தபோது எடுத்த படம், ஓர் அமெரிக்க நாளிதழின் பழைய சேகரிப்பிலிருந்து வந்த அசல் பிரிண்ட் என்று போட்டிருந்தார்கள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஊருக்கு எடுத்துப்போக நினைத்தேன். பத்தாம் வகுப்பு லீவில் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ புத்தகத்தை என் கையில் திணித்தவர் அவர்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பின்பக்கம் காட்டுங்கள் என்று விற்பவரிடம் கேட்டேன். பத்தே நிமிடத்தில் வீடியோ அனுப்பினார். பழுப்பேறிய தட்டச்சுக் குறிப்பு, சிவப்பு மையில் 1954 ஜனவரி 25 என்று தேதி முத்திரை, கீழே யுபிஐ (யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்) என்று அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் முத்திரை. கூடவே ஒரு செய்தி: “இதை வியாபாரிக்குக் கொடுக்க மனசில்லை, ஹெமிங்வேயைப் படித்த ஒருவரிடம் போக வேண்டும்.” அந்த ஒரு வரியில் விழுந்தேன். அப்பாவைப் பற்றியெல்லாம் அவரிடம் எழுதினேன். அதை நினைத்தால்தான் பணத்தைவிட அதிகமாக வயிறு எரிகிறது.

படம் வந்து மூன்று வாரம் உறையிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். நேற்று சட்டம் போடக் கொண்டுபோனேன். கடைக்காரப் பெரியவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் லென்ஸை என்னிடம் நீட்டினார். ஹெமிங்வேயின் தாடியில் நீலம், மஞ்சள், இளஞ்சிவப்புப் புள்ளிகள். இருட்டறையில் கழுவிய கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணப் புள்ளி எப்படி வரும்? வீட்டு பிரிண்டரில் அடித்த படம். அப்புறம்தான் முத்திரையையும் யோசித்தேன். யுனைடெட் பிரஸ்ஸும் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸும் சேர்ந்து யுபிஐ ஆனதே 1958-இல். 1954-இல் அந்தப் பெயரே கிடையாது.

விற்றவரிடம் கேட்டேன். முத்திரை பிற்பாடு குத்தியதாக இருக்கும் என்றார். சரி, புள்ளிகள்? “உங்கள் லென்ஸில் கோளாறு.” லென்ஸ் வழியாகவே படமெடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவில் மூன்று பேரிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். முதல் ஆள் விற்றவரிடமே பேசுங்கள் என்றார். இரண்டாமவர் திருப்பி அனுப்பும் 14 நாள் கெடு தாண்டிவிட்டது என்றார். மூன்றாமவர் நீங்களே ‘பொருள் திருப்தி’ என்று பொத்தான் அழுத்தியிருக்கிறீர்கள், வழக்கு முடிந்தது என்று மூடிவிட்டார். ஆமாம், பார்சல் வந்த அன்றே அழுத்தினேன், நல்ல மனிதர் என்று ஐந்து நட்சத்திரமும் போட்டேன். 340 டாலருக்கு ஒரு பிரிண்டர் தாள்!

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இதை மட்டும்: பார்சல் வந்த அன்றே லென்ஸ் வைத்துப் பாருங்கள், புள்ளி தெரிந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். முத்திரையில் இருக்கும் நிறுவனம் அந்த வருடத்தில் இருந்ததா என்று தேடுங்கள். சோதிக்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். நான் கார்டில்தான் கட்டினேன், இன்று காலை வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், 340 டாலரும் வருமா என்று தெரியாது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.