மூன்று மணி நேரம், 1,400 வெள்ளி: மகனை உளவியல் மதிப்பீட்டுக்குக் கூட்டிப் போனோம்

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். இதை நான் சொல்லச் சொல்ல டைப் செய்வது என் பெரிய மகள். சின்னவன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அவனைத்தான் ஈப்போவில் ஒரு தனியார் மையத்துக்குக் கூட்டிப் போனோம். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் மையத்தின் பெயரைப் போடவில்லை.

முதலில் காசு. 1,400 வெள்ளி (ரிங்கிட்). அரசாங்க நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளிதான், ஆனால் எங்களுக்குக் கிடைத்த தேதி எட்டு மாதம் தள்ளி. அதற்குள் பையன் நான்காம் ஆண்டுக்குப் போய்விடுவான் என்று மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டாள்.

ஏன் போனோம்? "கவனமே இல்லை, சோம்பேறி" என்று பள்ளியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைக்கு அனுப்பினால் தேங்காய், சின்ன வெங்காயம், நெத்திலி என்று மூன்று சொல்வோம். தேங்காயோடு மட்டும் வந்து நிற்பான். நான் ரோத்தான் பிரம்பை எடுத்திருக்கிறேன். மறைக்கவில்லை.

முதல் நாள் பையனை வரவேண்டாம் என்றார்கள். எங்கள் இருவரிடமும் ஒரு மணி நேரம் கேள்வி. எப்போது நடந்தான், எப்போது பேசினான், பிரசவத்தில் சிக்கல் உண்டா. கண்ணும் காதும் சோதித்தாயிற்றா என்று அங்கிருந்த உளவியலாளர் கேட்டார். காது சோதிக்கவில்லை என்றதும், "அதை முடிச்சிட்டு வாங்கண்ணே, காது கேக்காத பிள்ளையை நான் மறதின்னு எழுதிடக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். காசு வாங்குவதிலேயே குறியாக இருக்கிற ஆள் இப்படித் திருப்பி அனுப்ப மாட்டார் என்று அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. நான் "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிட, "நான் டாக்டர் இல்லண்ணே, மருந்து எழுத மாட்டேன்" என்று சிரித்தார். அவர் மருத்துவ உளவியலாளர். இந்த வேலை செய்கிறவர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரிடம் போனாலும் அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் இருந்ததா? மனைவி இல்லை என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சோதனை நாள் காலை ஒன்பது மணி. பெற்றோர் உள்ளே போகக் கூடாது. இடையில் மைலோ குடிக்க ஒரு தடவை வெளியே வந்தான், "சிவப்பு வெள்ளைக் கட்டை அடுக்கினேன்ப்பா" என்றான், ஓடிவிட்டான். அதற்கு மேல் கேள்விகளைப் பற்றி நானும் எழுதப் போவதில்லை. வெளியே தெரிந்து வீட்டில் பழக்கிக் கூட்டி வந்தால் மதிப்பெண் பொய்யாகிவிடுமாம். அதே சோதனையை உடனே இன்னோர் இடத்தில் மறுபடி செய்வதும் அதனால்தான் வீண்.

பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க வெக்ஸ்லர் என்று ஒரு சோதனை. 1949-இல் அமெரிக்காவில் வந்தது, பல தடவை திருத்தியிருக்கிறார்கள். ஆறு வயதிலிருந்து பதினாறு வரைக்கும். 100 நடுமதிப்பு. மூன்றில் இரண்டு பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். என் மகனுக்குக் கட்டை அடுக்குவது மாதிரி விஷயங்களில் 108. கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொள்வதில் 79. "இவ்வளவு இடைவெளி இருக்கும்போது எல்லாத்தையும் கூட்டி ஒரே நம்பர் சொன்னா அது தம்பியைக் காட்டாது" என்று மொத்த எண்ணைத் தரவில்லை. மச்சான் இன்றுவரை "ஐக்யூ எவ்ளோ?" என்று துளைக்கிறார்.

சொல் சம்பந்தமான பகுதியில் மதிப்பெண் குறைவுதான். ஆனால் அதன் பக்கத்திலேயே, இவன் வீட்டிலும் பள்ளியிலும் தமிழ் பேசுகிறவன், சோதனை ஆங்கிலத்தில் அமைந்தது, ஆகவே இதை அவன் திறமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள்: எந்த மொழியில் சோதிப்பீர்கள்? தமிழ் வாசிப்புக்கு இப்படி மதிப்பெண் அளவு வகுத்த சோதனை அவரிடம் இல்லை. அவனுடைய பள்ளிப் புத்தகத்தையே திறந்து வாசிக்கச் சொல்லி, தவறுகளைக் குறித்திருக்கிறார். 'படம்' என்பதைப் 'பாடம்' என்கிறான், புள்ளியை விட்டுவிடுகிறான்.

முடிவு சொன்ன அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் 1,400-ம் தகும். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம் என்றார். மூன்று எண்ணைச் சொல்லி அதைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னால் நடுவிலேயே ஒன்று நழுவிவிடுகிறதாம். தேங்காய், வெங்காயம், நெத்திலி! மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அந்த ரோத்தான்தான் கண்முன் நின்றது. இது குடும்பத்தில் வழிவழியாக வருவதுண்டு என்றார். நான் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன். சாலைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்ததில்லை, பார்த்த உருவத்தை வைத்தே ஓட்டுகிறேன். அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னேன்.

இப்போது குறை. அறிக்கை இரண்டு வாரத்தில் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். பள்ளியில் மலாயில் சுருக்கம் கேட்டார்கள், அதற்குத் தனியாக 80 வெள்ளி பிடுங்கினார்கள். முன்பே சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஓகேயூ அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டை) இந்த அறிக்கை மட்டும் போதாது, விண்ணப்பத்தில் மருத்துவரின் சான்று வேண்டும் என்பதையும் சமூக நலத்துறைக்குப் போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டோம். அரைநாள் சம்பளம் போனது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். காலை நேரம் கேட்டு வாங்குங்கள். மதியம் இரண்டு மணிக்கு வந்த ஒரு பிள்ளை அரைமணி நேரத்திலேயே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டதாம். கிளினிக் புத்தகம், தேர்ச்சி அறிக்கை, பழைய நோட்டுகள் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். ஏர்கோன் பயங்கரக் குளிர், பிள்ளைக்கு ஒரு சுவெட்டர் வையுங்கள்.