துணியில் சிவப்பு ஒட்டியபோதே நிறுத்தியிருக்க வேண்டும்

வீட்டுக்கே வந்து காரைக் கையால் கழுவி, பாலிஷ் போட்டு, மேலே செராமிக் கோட்டிங்கும் (பெயிண்டின் மேல் இறுகிப் பிடித்து அதைக் காக்கும் பூச்சு) கொடுப்பதாகச் சொன்ன ஒருவரிடம் ஏமாந்துவிட்டேன். பெயரைப் போட விருப்பமில்லை. அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். இதே மாதிரி யாராவது உங்கள் வாசலில் வாளியோடு வந்து நின்றால் அடையாளம் தெரியும்.

என் கார் அடர் சிவப்பு. சில வருடங்களாக நானே கழுவியதில் மெல்லிய கீறல்கள் விழுந்து, வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரித் தெரியும். அதைப் போக்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். "மெஷின் போட்டா பெயிண்ட் எரிஞ்சிடும் சார், நான் எல்லாமே கையாலதான்" என்றார். அதில் பாதி உண்மை. சுழலும் பாலிஷ் மெஷினைப் பழக்கமில்லாதவர் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடேறி பெயிண்ட் போய்விடும். கையாலும் அதே கேட்டைச் செய்ய முடியும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

கொண்டுவந்தது ஒரே வாளி. சக்கரத்தைத் துடைத்த துணியை அதில் முக்கி, பிழிந்து, அப்படியே கதவுக்குக் கொண்டுபோனார். நடுவில் துணி தரையில் விழுந்தது. இரண்டு உதறு உதறிவிட்டு மறுபடி தேய்த்தார். நல்ல வெயில் வேறு, சோப்புத் தண்ணீர் அங்கங்கே காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றது. நுரை ஏன் இப்படிப் பொங்குகிறது என்று பார்த்தால், அவர் ஊற்றியது பாத்திரம் கழுவும் திரவம். அது காரில் இருக்கும் மெழுகை எடுத்துவிடும். எப்படியும் புதிதாகப் பூசப் போகிறார் என்பதால் அதை விட்டுவிடலாம். துணியில் ஒட்டிய மணலை விட முடியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் புதுக் கீறல் விழுந்திருக்கும்.

அடுத்தது காம்பவுண்ட், அதாவது பெயிண்டின் மேல்பரப்பைச் சன்னமாக அராவி எடுக்கும் பசை. ஸ்பாஞ்சோ பஞ்சுத் திண்டோ இல்லாமல், பழைய பனியன் துணியை நான்கு விரலில் சுற்றிக்கொண்டு பானெட்டின் விளிம்பில் அழுத்தித் தேய்த்தார். துணியைத் திருப்பியபோது பசையில் இளஞ்சிவப்புத் தீற்றல் இருந்தது. "என்னங்க, கலர் வருது?" என்று கேட்டேன். "அது பழைய அழுக்கு சார், வெளிய வரட்டும்" என்றார். நானும் சரி என்றேன்.

அது அழுக்கு இல்லை. இன்றைய கார்களில் பெரும்பாலும் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத அடுக்கு இருக்கும். பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. பாலிஷ் போடும்போது தேய வேண்டியது அதில் ஒரு துளி மட்டும், அதனால் துணியில் கார் நிறம் வரக்கூடாது. வந்தால் கிளியர் கோட் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்டில் மட்டும் நிறம் வருவது சகஜம். விளிம்பிலும் மடிப்பிலும் அடுக்கு இன்னும் மெல்லியதாக இருக்கும், தேய்க்கும் கையின் அழுத்தமும் அங்கேதான் குவியும். விவரம் தெரிந்தவர்கள் அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக, லேபிள் இல்லாத பாட்டிலில் இருந்து எதையோ பூசித் துடைத்தார். ஒரு மக் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது. "பாத்தீங்களா சார், செராமிக்!" தண்ணீர் உருள்வதெல்லாம் ஒரு சாட்சியே இல்லை, சாதா மெழுகிலும் உருளும். அசல் கோட்டிங் என்றால் முதலில் பாலிஷ் எண்ணெயை ஆல்கஹால் கலவையால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. பூசிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. அவரோ பூசிய ஐந்தாவது நிமிடம் தண்ணீர் ஊற்றினார்.

அன்று மாலை கார் கண்ணாடி மாதிரி மின்னியது. நானே நாலு பேரிடம் காட்டினேன், அதுதான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மூன்று முறை ஷாம்பூ போட்டுக் கழுவியதும் பளபளப்பு இறங்கிவிட்டது. பழைய சிலந்திவலை அப்படியே திரும்பி வந்தது, கூடவே நான்கு நான்காக நீளக் கோடுகள், அவர் விரல் அழுத்திய தடம். பானெட் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு மங்கல் பட்டை. பூசிய எண்ணெய்ப் பசை கீறல்களுக்குள் புகுந்து அவற்றை மறைத்திருந்தது, அவ்வளவுதான். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் காய்ந்த வெள்ளைப் பசை இன்னும் போகவில்லை.

போன் செய்தேன். முதல் முறை "வெயில்ல நிறுத்தியிருப்பீங்க" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால், முழுக் காரையும் தொடும் முன் ஒரு சாண் இடத்தில் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்துவிட்டு, நிழலில் டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் திரும்பி வந்தால் அவர் போட்டது பாலிஷ் இல்லை, கீறலை மறைக்கும் மேல்பூச்சு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எத்தனை வாளி, எத்தனை துணி என்றும் பாருங்கள். சோப்புக்கு ஒன்று, துணி அலசத் தனியாக ஒன்று, சக்கரத்துக்கு வேறு துணி, இது குறைந்தபட்சம்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் காரைக் காட்டினேன். கூரையில் அளந்தார், பானெட் விளிம்பில் அளந்தார், இரண்டையும் என்னிடம் காட்டினார். விளிம்பில் கூரையின் பாதிக்குச் சற்று மேல். பாலிஷ் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, இன்னும் தேய்க்க அங்கே எதுவும் இல்லை என்றார். பானெட்டை மட்டும் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து ஃபெண்டரோடு, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டோடு, நிறம் பொருந்துமா என்பது வண்டி வந்த பிறகுதான் தெரியும்.