ஹன்போக்: வாடகைக்கு எடுப்பதா, தைத்துக்கொள்வதா?

கொரியாவின் பாரம்பரிய உடையான ஹன்போக்கை உடுத்திப் பார்க்க ஆசைப்பட்டு சியோல் போகும் பெண்களுக்கு வரும் குழப்பம் இது. கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றி வாடகைக் கடைகள். குவாங்ஜாங் சந்தையில் அளவெடுத்துத் தைக்கும் கடைகள்.

செலவு
வாடகை: மணிக்கணக்கு, கைக்கு அடக்கம். அரண்மனை நுழைவுக் கட்டணமான 3,000 வோனும் மிச்சம். ஹன்போக் அணிந்தவர்களுக்கு இலவசம்.
தையல்: பட்டென்றால் பல மடங்கு.

அழகு
வாடகை: பெரும்பாலும் பாலியெஸ்டர், லேஸ், தங்க அச்சு, உள்ளே வளையம் வைத்த பாவாடை. படத்தில் பளிச்சென்று விழும், ஆனால் கொஞ்சம் ஓவர்.
தையல்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. குட்டையான மேல்சட்டை ஜோகோரி. மார்பிலிருந்தே விரிந்து இறங்கும் பாவாடை சிமா. இடுப்பு தெரியாது, நடக்கும்போது காற்று புகுந்து பாவாடை மெல்ல உப்பும். சட்டைக் கைகளின் அடிப்பக்கம் வளைந்து மணிக்கட்டில் குறுகும். கழுத்தோரம் மெல்லிய வெள்ளைப் பட்டி. மார்பில் ஒரு பக்கம் மட்டும் காது வைத்த முடிச்சு, அதிலிருந்து தொங்கும் இரண்டு நீள நாடாக்கள். பூவேலையே இல்லாவிட்டாலும் குறை தெரியாது.

வசதி
வாடகை: கடைக்காரர்களே உடுத்தி, தலையும் வாரிவிடுவார்கள்.
தையல்: முடிச்சுப் போடப் பழக வேண்டும். பட்டுக்கு டிரை கிளீனிங். வெள்ளைப் பட்டி அழுக்கானால் அதை மட்டும் பிரித்துப் புதிது தைக்கலாம்.

அரை நாள் சுற்றிப் படமெடுக்க வாடகையே போதும். கொரியக் குடும்பத்தில் கல்யாணம், அல்லது அங்கேயே வாழப்போகிறீர்கள் என்றால் தைத்துவிடுங்கள். பட்ஜெட் இடித்தால் லேஸ் இல்லாத பழைய பாணி உடையைக் கடையில் கேளுங்கள். சில கடைகளில் கிடைக்கும்.