ஷெங்கன் பிசினஸ் விசா: ஏழு ஆண்டு அனுபவம்

2018இல் முதல் ஷெங்கன் பிசினஸ் விசா எடுத்தேன். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. இப்போது பாஸ்போர்ட்டில் இருப்பது ஐந்தாவது விசா ஸ்டிக்கர். நடுவில் ஒரு விண்ணப்பம் ரிஜெக்ட் ஆனது. முதல்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பேங்க் பேலன்ஸ் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அழைப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, நாட்களை எப்படி எண்ணப் போகிறீர்கள்.

முதல் ஸ்டிக்கரிலிருந்து சொல்கிறேன். ஜெர்மனியின் ஹனோவரில் நடக்கும் தொழிற்கண்காட்சிக்காக 12 நாள் பயணம். ஸ்டிக்கரில் ஏப்ரல் 20 முதல் மே 16 வரை என்று தேதி போட்டிருந்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். கீழே சின்னதாகத் தங்கும் நாட்கள் 12, நுழைவு 01 என்று இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். பயணத் தேதி தள்ளிப்போனால் சமாளிக்க 15 நாள் கூடுதலாகத் தருவார்கள். அந்த நாட்களில் பயணத்தை நகர்த்தலாம், ஆனால் மொத்தம் 12 நாளுக்கு மேல் தங்க முடியாது. நுழைவு 01 என்றால் ஒரு தடவை வெளியே வந்தால் கதை முடிந்தது. நானோ நடுவில் லண்டன் போய்விட்டு மறுபடி ஃப்ராங்க்ஃபர்ட் வந்து விமானம் ஏறுவதாக டிக்கெட் போட்டு வைத்திருந்தேன். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. கையில் தனியாக பிரிட்டன் விசா இருந்தும், திரும்பி ஜெர்மனிக்குள் வர வழியில்லை. லண்டனிலிருந்தே ஊர் திரும்பப் புது டிக்கெட் வாங்கினேன். பயணத் திட்டத்தில் அந்த நுழைவையும் காட்டி, பலமுறை நுழைவு வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருக்க வேண்டும். 2019இல் கேட்டேன், ஸ்டிக்கரில் பலமுறை நுழைவைக் குறிக்கும் மல்ட் என்று வந்தது.

ரிஜெக்ட் ஆனது 2022இல். வாடிக்கையாளர் நிறுவனம் அனுப்பிய கடிதம் நான்கே வரி: வணிகப் பேச்சுவார்த்தைக்காக இவரை அழைக்கிறோம், விசா வழங்கி உதவவும். பழைய விசாக்கள் இருக்கின்றனவே என்ற தைரியத்தில் அதையே வைத்தேன். அச்சடித்த காரணப் பட்டியல் கொண்ட ஒரு தாள் திரும்பி வந்தது. பயணத்தின் நோக்கமும் சூழ்நிலையும் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்ற கட்டத்தில் டிக். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு. ஆனால் குறை கடிதத்தில்தான் என்று எனக்கே தெரிந்ததால், புதிதாக விண்ணப்பித்தேன். கட்டிய கட்டணம் திரும்ப வராது.

இரண்டாவது கடிதத்துக்கு நானே குறிப்பு எழுதி அனுப்பினேன். எந்த ஆண்டிலிருந்து எங்களிடம் வாங்குகிறார்கள், எந்தப் பொருள், எந்தத் தேதியில் எந்த ஊர்ப் பிரிவில் என்ன கூட்டம், விமானச் செலவு யாருடையது, தங்கும் செலவு யாருடையது, கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண். அவர்களின் நிறுவனப் பதிவு எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். எங்கள் நிறுவனக் கடிதத்தில் அதே தேதிகள், அதே செலவுப் பிரிவினை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு தேதிகூட முரண்படக் கூடாது. விசா வந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் இந்த வடிவத்தையே அனுப்புகிறேன்.

எந்த நாட்டுத் தூதரகம் என்பதிலும் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். எங்கே தரையிறங்குகிறீர்கள் என்பது முதலில் வராது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, எங்கே முக்கிய வேலையோ, அங்கேதான் விண்ணப்பம். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. 2023இல் இறங்கியது ஃப்ராங்க்ஃபர்ட்டில். ஆனால் இத்தாலியில் 9 இரவு, ஜெர்மனியில் 6 என்பதால் இத்தாலிக்கு விண்ணப்பித்தேன். கைரேகையும் அப்போது மறுபடி கொடுத்தேன். ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் செல்லும். 2018 மார்ச்சில் கொடுத்தது காலாவதியாகியிருந்தது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு வர 15 நாள், சில நேரம் 45 வரை இழுக்கும். கோடைக்காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. 2018இல் 60 யூரோவாக இருந்த கட்டணம் 2020இல் 80, 2024 ஜூனில் 90 ஆனது. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

சரி, நீண்ட பயணத்துக்கு வருகிறேன். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல விதி வந்தது: முந்தைய 3 ஆண்டுகளில் இரண்டு விசா வாங்கி முறைப்படி பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டு விசா தரலாம். அந்த நவம்பரில் எனக்கு அது கிடைத்தது. ஆனால் 2 ஆண்டு விசா என்றால் 2 ஆண்டு தங்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். வந்த நாளும் கிளம்பிய நாளும் சேர்ந்தே கணக்கு.

2025இல் ஜனவரி 10 முதல் மார்ச் 31 வரை பயிற்சியும் மாதிரி சரிபார்ப்புக் கூட்டங்களுமாக 81 நாள். கிளம்பும்போது எல்லை அதிகாரி பக்கங்களைப் புரட்டி, விமானப் படம் போட்ட ஜனவரி முத்திரையில் விரலை வைத்து, ஸ்டிக்கரில் இருந்த 90ஐப் பார்த்து, மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் முத்திரை குத்தினார்.

ஏப்ரலில் வாடிக்கையாளர் மறுபடி அழைத்தார்: ஜூன் 10 முதல் 14 நாள். காலண்டரை எடுத்து உட்கார்ந்தேன். மிச்சம் இருப்பது 9 நாள்தான். அதே 14 நாளை ஜூன் 30இல் தொடங்கினால் முடியும் என்று கணக்கு சொன்னது. அந்த 9 நாள் ஜூலை 8ஆம் தேதியோடு தீரும். ஜூலை 9 அன்று, அந்த நாளோடு சேர்த்துப் பின்னோக்கி எண்ணும் 180 நாளிலிருந்து ஜனவரி 10 கழன்றுவிடும், மறுநாள் ஜனவரி 11, இப்படி ஒவ்வொன்றாக. ஐரோப்பிய ஆணையத்தின் இணையக் கணிப்பானிலும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினேன், அவர்களும் தேதியை மாற்றிக்கொண்டார்கள். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் இனி கணினியே காட்டிக்கொடுக்கும். வேலை முடியவில்லை என்பதற்காக நாட்களை நீட்டித்துத் தர மாட்டார்கள். தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தேவை என்றாலோ, அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பதென்றாலோ, அந்தந்த நாட்டின் தேசிய விசாவைத்தான் பார்க்க வேண்டும்.

காப்பீட்டில் ஒன்று: குறைந்தது 30,000 யூரோ காப்பு வேண்டும். பலமுறை நுழைவு விசாவுக்கு முதல் பயணத்துக்கான பாலிசியைக் காட்டினாலே போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கு யாரும் நினைவூட்ட மாட்டார்கள், நாமேதான் எடுத்துப் போக வேண்டும்.

என் விசா 2026 நவம்பரில் முடிகிறது. அடுத்தது வழக்கமாக 5 ஆண்டு விசா, ஆனால் பாஸ்போர்ட்டில் அதற்கான ஆயுள் இருக்க வேண்டும். என்னுடையது 2027இல் முடிகிறது. அதனால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன்.