ஸ்ட்ராபெரி ஹில் வீடு: கோதிக் வாசகர்கள் எதைப் பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

‘ஒட்ராண்டோ கோட்டை’யைப் படிக்காமல் இந்த வீட்டுக்குப் போகாதீர்கள். ஐந்தே அத்தியாயம், ஒரு மாலையில் முடிந்துவிடும். 1764 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லண்டனில் வெளிவந்த அந்த நாவலில்தான் கோதிக் கதைகளின், அதாவது பழங்கோட்டைத் திகில் கதைகளின், வழக்கமான சரக்கு ஒன்றுசேர்ந்தது: கோட்டை, நிலவறை வழி, காற்றில் அணையும் விளக்கு, சட்டத்தை விட்டு இறங்கிவரும் முன்னோர் படம், பேரன் தலையில் விடியும் தாத்தாவின் பாவம். அதை எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் இருந்த தன் ஸ்ட்ராபெரி ஹில் வீட்டையும் 1749 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் அதே ரசனையில் வளர்த்துக்கொண்டே இருந்தார். லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஸ்ட்ராபெரி ஹில் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. இறங்கி நடந்துவிடலாம்.

வீட்டின் உயிர் அதன் படிக்கட்டுக் கூடம். வேண்டுமென்றே மங்கலாக வைத்த இடம். சுவரில் கல் வளைவுகள் போலத் தெரிபவை தாளில் தீட்டிய ஓவியங்கள். ஊஸ்டர் பேராலயத்தில் இளவரசர் ஆர்தரின் கல்லறையைச் சுற்றியுள்ள கல்வேலைப்பாடுதான் மாதிரி. 1764 ஜூன் மாதத்தில் வால்போல் ஒரு கனவு கண்டார். பழங்கோட்டை ஒன்றின் பெரிய படிக்கட்டு, உச்சிக் கைப்பிடியின் மேல் இரும்புக் கவசம் அணிந்த ராட்சதக் கை. அன்று மாலையே இந்த நாவலை எழுத உட்கார்ந்துவிட்டார். கீழ்ப்படியில் நின்று நிமிர்ந்து பாருங்கள், அவசரம் வேண்டாம்.

நீளக்கூடத்துக்குள் நுழைந்தால் பொன்னும் சிவப்புப் பட்டும் கண்ணைப் பறிக்கும். 56 அடி நீளம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள ஏழாம் ஹென்றி சிற்றாலயத்தின் விசிறி போல விரியும் கூரையை இங்கே காகிதக்கூழில் செய்திருக்கிறார்கள். இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்களுக்கு நாவலும் பிடிபடாது. நாவலின் முதல் பதிப்பு, 1529-இல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்றே சொல்லிக்கொண்டது. 1765-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வால்போல் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். பழையதாக நடிப்பது கதையிலும் கூரையிலும் ஒரே வேலைப்பாடு. நாவலில் இறங்கிவரும் படத்தின் மூலமும் இந்தக் கூடத்தில்தான் இருந்தது: வெள்ளாடை அணிந்த ஃபாக்லண்ட் பிரபுவின் உருவப்படம். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வால்போலே இதைச் சொல்கிறார்.

நூலகத்தின் வளைவுகள் எரிந்துபோன பழைய செயின்ட் பால்ஸ் பேராலயத்தைப் பார்த்துச் செய்தவை. அவற்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

குறைகள் உண்டு. 1842-இல் 24 நாள் நடந்த ஏலத்தில் வால்போலின் சேகரிப்பு சிதறிப்போனது. அதனால் சில அறைகள் வெறிச்சென்று இருக்கும். புதுப்பித்து 2010-இல் மீண்டும் திறந்தார்கள். பொன்பூச்சின் பளபளப்பு பழமையை எதிர்பார்ப்பவரை உறுத்தலாம். நாவலில் இசபெல்லா தப்பியோடும் நிலவறை வழி போன்ற ஒன்றை இங்கே தேட வேண்டாம். வெளிச்சுவர் வெள்ளைவெளேர் என்றிருக்கும். பேய்வீட்டுத் திகிலுக்காகப் போகிறவர்கள் வாசலிலேயே ஏமாந்துவிடுவார்கள்.

படிக்கட்டின் இருட்டுக்கு மேகமூட்டமான பிற்பகல் பொருந்தும். வால்போல் சேர்த்த வண்ணக் கண்ணாடிகளுக்கோ வெயில் வேண்டும். நாவலுக்காகப் போகிறீர்கள் என்றால் மேகத்தையே தேர்ந்தெடுங்கள். நீளக்கூடத்திலிருந்து படிக்கட்டுக்குத் திரும்பி வந்தால் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த மங்கலின் நுணுக்கம் எடுபடாது. ஆகவே மேலே ஏறுவதற்கு முன்பே படிக்கட்டுக் கூடத்தை ஆறஅமரப் பார்த்துவிடுங்கள்.