‘கோச் கார்ட்டர்’: பயிற்சியாளர் போட்ட பூட்டு

தறிகெட்டுத் திரியும் பையன்கள், கண்டிப்பான பயிற்சியாளர், கடைசி ஆட்டத்தில் வெற்றி. விளையாட்டுப் படம் என்றால் இந்தப் பாதையில்தான் பெரும்பாலும் போகும். 2005இல் தாமஸ் கார்ட்டர் இயக்கிய ‘கோச் கார்ட்டர்’ படமும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் அணி ஓடிக்கொண்டிருக்கும்போது, பயிற்சியாளரே உள்விளையாட்டரங்கத்தின் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறார். அந்தப் பூட்டுக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இது உண்மையில் நடந்தது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ரிச்மண்ட் நகரின் உயர்நிலைப் பள்ளியில், 1999 ஜனவரியில் கென் கார்ட்டர் கதவைப் பூட்டினார். அப்போது அவருடைய கூடைப்பந்து அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றிருந்தது. கார்ட்டர் அதே பள்ளியில் படித்து, அதே அணியில் ஆடியவர். ஊரில் விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். படத்தில் அவராக வருபவர் சாமுவேல் எல். ஜாக்சன்.

முதல் நாளே ஒவ்வொரு பையனிடமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கிறார். எல்லா வகுப்புக்கும் போக வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும், ஆட்ட நாளில் கோட்டும் டையும் அணிய வேண்டும், மதிப்பெண் சராசரி 4க்கு 2.3 இருக்க வேண்டும். விளையாட மாநில விதிக்கு 2.0 போதும். அதற்கு மேலே அவர் கேட்கும் அந்தக் கொஞ்சத்தில்தான் சண்டையே மூள்கிறது. ஆசிரியர்களிடமிருந்து அறிக்கைகள் வரும்போது பாதிப் பையன்கள் வகுப்பு வாசலையே மிதிக்கவில்லை என்று தெரிகிறது. உடனே கதவுக்குப் பூட்டு, பையன்களுக்கு நூலகம்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் எங்கள் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். மனம் வெந்துதான் கொடுப்பேன். அதனால் ஒரு பயிற்சியாளர் தன் நேரத்தைத் தானாகவே படிப்புக்குக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குள் இரண்டு பேர் வாதாடுகிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பூட்டுவது எளிது; யாரும் கேட்கமாட்டார்கள். ஜெயிக்கிற அணியைப் பூட்டினால் ஊரே எதிரே நிற்கும். இங்கேயும் நிற்கிறது. பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்களும் அம்மாக்களும் எழுந்து கத்துகிறார்கள். ‘இந்தப் பையன்களின் வாழ்க்கையில் உச்சமே இந்த ஒரு பருவமாக இருக்கலாம், அதையும் பறிக்கலாமா’ என்கிற பொருளில் தலைமையாசிரியரே கேட்கிறார். கார்ட்டர் கொதிப்பது அந்தக் கேள்விக்குத்தான். பதினேழு வயதோடு இவர்கள் கதை முடிந்துவிடும் என்று பள்ளியே கணக்குப் போட்டுவிட்டதே என்பது அவர் கோபம். எனக்கும் அதே கோபம்தான். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, விளையாடவாவது செய்யட்டும்’ என்று சொல்லி என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது இரக்கம்போல் ஒலிக்கும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அதன் காயம் தெரியும்.

பெற்றோர்களில் ஒருத்தியை மறக்க முடியவில்லை. வகுப்புக்குப் போகாமல் மாட்டிக்கொண்டு, அணியை விட்டு வெளியேறிய ஜூனியர் பேட்டில் என்ற ஆட்டக்காரனின் அம்மா அவள். மகனைக் கூட்டிக்கொண்டு கார்ட்டரிடம் வந்து நிற்கிறாள். ஒரு மகனை ஏற்கெனவே தெருவுக்குப் பறிகொடுத்தவள். அந்த அம்மாவாக வரும், பிற்பாடு பெரும்புகழ் பெற்ற ஆக்டேவியா ஸ்பென்சர், சில நிமிடங்களே வந்தாலும் மற்ற பெற்றோரின் கூச்சல் அத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒரு பயிற்சியாளனாக என்னால் ஒப்புக்கொள்ள முடியாத இடமும் உண்டு. முதல் நாள் கைநீட்டிவிட்டுப் போன டீமோ க்ரூஸ் (நடிப்பு ரிக் கொன்சாலஸ்) திரும்பி வரும்போது, 2,500 தண்டாலும், கோட்டுக்குக் கோடு தொட்டுத் திரும்பும் ஓட்டம் 1,000மும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்கிறார் கார்ட்டர். வளரும் உடம்பில் இது தசையையும் மூட்டையும் கெடுக்கும். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் பையன் ஓட்டத்தையே வெறுப்பான். யாரும் இதைப் பார்த்துவிட்டு மைதானத்தில் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் கெடு முடிந்து அவன் வெளியேற வேண்டிய நிலையில், மீதித் தண்டாலை நான் எடுக்கிறேன் என்று ஒரு சக ஆட்டக்காரன் முன்வருகிறான். பிறகு இன்னொருவன், இன்னொருவன். அந்தக் காட்சியில் என் ஆட்சேபம் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஓர் அணி அணியாவது இப்படித்தான் என்பதை நான் மைதானத்தில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அணியில் ஆடும் கென்யன், அவன் காதலி கைரா இருவரின் கதை மேலோட்டமாகப் போகிறது. அந்தப் பெண் கர்ப்பம், கல்லூரி என்று தனியாக எடுக்க வேண்டிய முடிவுகளைப் படம் சில வசனங்களில் கடந்துவிடுகிறது. கைராவாக வரும் பாடகி அஷாந்திக்கு நடிக்க இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். ‘உன் ஆழமான பயம் எது’ என்று கார்ட்டர் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு க்ரூஸ் எழுந்து சொல்லும் பதிலும் பதினேழு வயதுப் பையன் வாயில் வருவதாக இல்லை, மனப்பாடம் செய்ததுபோல் இருக்கிறது. அதே க்ரூஸ், கண்ணெதிரே உறவினன் சுடப்பட்ட இரவில் கார்ட்டர் வீட்டுக் கதவைத் தட்டி நிற்கும்போது பேசும் உடைந்த சொற்கள்தான் நிஜம்.

ஆட்டக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன. தடுப்பாட்டத்தில் நெருக்குவது, பந்தைப் பறித்தவுடன் விரைவது எல்லாம் கூடைப்பந்து தெரிந்தவர் கண்ணுக்கும் பொய்யாகப் படாது. கார்ட்டர் தன் ஆட்ட வியூகங்களுக்குத் தன் சகோதரிகளின் பெயர்களை வைத்திருப்பது எனக்குப் பிடித்த சின்ன விஷயம். பையன்களுக்கு அது உடனே மனதில் பதிந்துவிடுகிறது.

ஓடும் நேரம் 2 மணி 16 நிமிடம். கெட்ட வார்த்தைகள், கட்டுப்பாடில்லாத ஒரு விருந்துக் காட்சி, துப்பாக்கிச் சூடு, கருக்கலைப்பு பற்றிய பேச்சு எல்லாம் இருப்பதால் எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் போட வேண்டாம். ஒன்பதுக்கு மேல் என்றால் தாராளமாகக் காட்டலாம். வசதி இருந்தால் விளையாட்டு அணியோடு அவர்களின் பெற்றோரையும் உட்காரவைத்துக் காட்டுங்கள். பூட்டை எடுக்கலாமா என்று பள்ளி வாரியம் வாக்கெடுக்கும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.